விடியற்காலையில் எதிர்மலை ஒலி தெளிவாகக் கேட்பது ஏன்?

பொகவந்தலாவை வாசகர்:
பள்ளத்தாக்கின் அப்பால் உள்ள கோவில் ஒலிபெருக்கி விடியற்காலையில் எங்கள் லயத்து (தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் சொல் பிசகாமல் கேட்கிறது. அதே ஒலிபெருக்கி நண்பகலில் முணுமுணுப்பாகக்கூட எட்டுவதில்லை. விடியற்காலையில் தோட்டம் அமைதியாக இருப்பதே இதற்குப் போதிய காரணம் என்பது என் கருத்து. காற்று ஒலியை வளைக்கிறது என்று சிலர் சொல்கிறார்கள். ஒலியும் அலை, ஒளியும் அலை. நண்பகலில் அந்தக் கோபுரம் நேராகக் கண்ணுக்குத் தெரியும்போது ஒலி மட்டும் வேறு வழியில் போகுமா?

ஹட்டன் ஆசிரியர்:
இரண்டும் அலை என்பதால் இரண்டும் ஒரே விதமாகச் செல்லும் என்று கொள்ள முடியாது, தம்பி. ஒளி மின்காந்தக் குறுக்கலை. அதற்கு ஊடகமே தேவையில்லை, காற்றின் வெப்பநிலை அதன் கதியை மிகச் சிறிதளவே மாற்றுகிறது. ஒலியோ காற்றுத் துணிக்கைகள் நெருங்கியும் விலகியும் அதிர்வதால் செல்லும் நெட்டாங்கலை. அதன் கதி 0 பாகை செல்சியசில் செக்கனுக்கு ஏறத்தாழ 331 மீற்றர். ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.6 மீற்றர் கூடுகிறது. தெளிந்த இரவில் நிலம் வெப்பத்தை இழக்க, அதைத் தொட்டிருக்கும் காற்று குளிர்ந்து கனத்து, தேயிலைச் சரிவுகள் வழியே ஓடைப் பக்கம் வடிந்து தேங்குகிறது. அதன் மேலே வெப்பமான காற்று நிற்கிறது. அப்போது அலைமுகத்தின் (ஒலியலையின் முன்விளிம்பின்) மேற்பகுதி கீழ்ப்பகுதியை முந்துவதால், நிரையாக நடப்பவர்களில் ஒரு பக்கத்தவர் விரைந்தால் நிரை மறுபக்கம் திரும்புவதுபோல, அலை நிலத்தை நோக்கி முறிவடைகிறது, அதாவது வளைகிறது. நண்பகலில் நிலத்தருகே காற்று சூடு, மேலே குளிர்ச்சி. ஒலி வானை நோக்கி வளைந்து, உங்கள் லயம் ஒலி எட்டாத பகுதியான ஒலி நிழலில் விழுந்துவிடுகிறது.

பொகவந்தலாவை வாசகர்:
10 பாகை வேறுபட்டாலும் செக்கனுக்கு 6 மீற்றர்தான் மாறும், சேர். 340இல் 6 என்பது நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. பகலில் லொறி, தொழிற்சாலை இயந்திரம், சவுக்கு மரங்களில் காற்று என எத்தனை இரைச்சல் இருக்கிறது! அதை விட்டுவிட்டு இந்தச் சிறு மாற்றத்தைப் பிடித்துக்கொள்வது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஹட்டன் ஆசிரியர்:
மாற்றம் சிறிதுதான், ஆனால் அது வழிநெடுகச் சேர்கிறது. 100 மீற்றர் உயரத்துக்குள் 5 பாகை கூடுவதாக வைத்துக் கணக்கிடுங்கள்: கிடையாகப் புறப்பட்ட ஒலி ஒரு கிலோமீற்றர் செல்வதற்குள் ஏறத்தாழ 45 மீற்றர் கீழிறங்கிவிடும். ஒரு முகட்டைத் தாண்டி லயத்தில் இறங்க அது போதும். இரைச்சல் காதை மறைக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அது மட்டுமே காரணம் என்பதைத்தான் மறுக்கிறேன்.

பண்டாரவளை உயர்தர மாணவி:
அமைதி மட்டும் போதும் என்றால், ஹப்புத்தளையில் இரவில் நிற்பவருக்குத் தெற்குச் சமவெளியில் மின்னும் ஒவ்வொரு மின்னலுக்கும் இடி கேட்க வேண்டும். 25 கிலோமீற்றருக்கு அப்பால் இடி பொதுவாகக் கேட்பதில்லை. உயரம் கூடக்கூட வளிமண்டலம் குளிர்வதால் அந்த ஒலி மேல்நோக்கி வளைந்துவிடுவதே அதற்கு முக்கிய காரணம்.

பொகவந்தலாவை வாசகர்:
இடி நீண்ட தூரத்து விடயம், தங்கச்சி. அவ்வளவு தூரத்தில் ஒலி தானாகவே தேய்ந்துவிடும். எங்கள் கோவில் ஒரு பள்ளத்தாக்குக்கு அப்பால்தான் இருக்கிறது. இரைச்சலையும் வளைவையும் பிரித்துக் காட்டும் ஒரு சோதனை இருந்தால் சொல்லுங்கள்.

ஹட்டன் ஆசிரியர்:
இருக்கிறது. மேகம் மூடிய இரவில் நிலம் அவ்வளவாகக் குளிர்வதில்லை. ஆகவே கீழே குளிர்ந்த காற்றும் மேலே வெப்பமான காற்றும் நிற்கும் அந்த வெப்பநிலைத் தலைகீழ் அடுக்கு சரியாக உருவாகாது. மறுநாள் விடியற்காலையிலும் தோட்டத்தின் அமைதி அதேதான். தை, மாசியில் துகள்பனி விழும் தெளிந்த விடியல்களையும் மேகம் மூடிய விடியல்களையும் ஒப்பிட்டுக் கேளுங்கள். அமைதிதான் காரணம் என்றால் இரண்டிலும் ஒலி ஒரே அளவில் கேட்க வேண்டும்.

பொகவந்தலாவை வாசகர்:
இந்தச் சோதனை எனக்குச் சம்மதம், ஆனால் ஒரு நிபந்தனையோடு: காற்றுத் திசையில் செல்லும் ஒலி கீழ்நோக்கியும் எதிர்த்திசையில் செல்வது மேல்நோக்கியும் வளையும் என்பதால், மரக்கிளை அசையாத விடியல்களை மட்டுமே இரு பக்கத்திலும் கணக்கில் எடுக்க வேண்டும்.