அந்த 71-வது நிமிடம்: நம் பிளஸ் டூ பையன்களை வைத்துக் கல்லூரிக் கால்பந்து அணி கட்ட முடியாதா?

பென்னாகரம் பி.இ.டி.:
நேற்று ஓசூர் விங்கர் என்ற நண்பர் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அவர் எழுதியது இதுதான்: "தர்மபுரி, கிருஷ்ணகிரி பிளஸ் டூ பையன்களை வைத்து எந்தச் சின்னக் கல்லூரியும் அணி கட்ட முடியாது. 60 நிமிடத்துக்கு மேல் ஓட மாட்டார்கள். மலப்புரத்திலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்து ஃபீஸைத் தள்ளுபடி செய்தால் வேலை முடிந்தது."

22 வருடமாக அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். பக்கத்துப் பள்ளிகளுக்கு இடையே நடக்கும் குறுவட்டப் போட்டியில் என் பையன்கள் ஒரே நாளில் மூன்று ஆட்டம் ஆடியிருக்கிறார்கள். பாதிக்கு 25 நிமிடம். கூட்டிப் பாருங்கள், 150 நிமிடம். அதுவும் ஒரு புளிசோற்றுப் பொட்டலத்தில். இவர்களா 60 நிமிடம் ஓட மாட்டார்கள்? இந்த 22 வருடத்தில் குறுவட்டப் போட்டிக்கு வந்து ஓரமாக நின்று ஆட்டம் பார்த்த கல்லூரி உடற்கல்வி இயக்குநர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. பார்க்காமலே பையன் தாங்க மாட்டான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ஓசூர் விங்கர்:
சார், மரியாதையோடு சொல்கிறேன். மூன்று ஆட்டத்துக்கு நடுவில் இரண்டு இரண்டு மணி நேரம் வேப்பமரத்தடியில் படுத்திருப்பார்கள். ஒரே மூச்சில் 90 நிமிடம் ஆடுவது வேறு. நடுக்களத்தில் ஆடுகிறவன் ஓர் ஆட்டத்தில் 10 கிலோமீட்டருக்குக் குறையாமல் ஓட வேண்டும்.

போன வருடம் சேலத்தில் கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டத்தில் நடந்ததை நேரில் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். அணி முழுக்க நம் பக்கத்துப் பையன்கள். 71-வது நிமிடம் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரன், தசைப்பிடிப்பு வந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் விட்ட இடம் வழியாகத்தான் கோல் விழுந்தது. நான் பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன்.

பென்னாகரம் பி.இ.டி.:
அந்த லெஃப்ட் பேக் என் மாணவன். எட்டாம் வகுப்பிலிருந்து என்னிடம் ஆடியவன். அவனுக்குத் தசைப்பிடிப்பு வரவில்லை. ஷூ கிழிந்து அடிப்பாகம் தனியாக வந்துவிட்டது. அதைக் கழற்றத்தான் உட்கார்ந்தான். விதிப்படி ஷூ இல்லாமல் ஆட முடியாது. கல்லூரியில் மாற்று ஷூ ஒரு ஜோடி இல்லை. இது அணி நிர்வாகத்தின் குறையா, பையனின் மூச்சின் குறையா?

கபடிக்காரன் அரூர்:
இந்த வாதமே தேவையில்லை. நம் மண்ணின் ஆட்டம் கபடி. 13-க்கு 10 மீட்டர் இடம் போதும், 7 பேர் போதும், 40 நிமிடத்தில் முடிந்துவிடும். ஷூ கிழிந்தாலும் கவலை இல்லை. எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழா என்றால் இரவு முழுக்க கபடிதான். கல்லூரிக்காரர்கள் அங்கே வந்து ஆள் எடுக்கட்டும். நூறு மீட்டர் மைதானத்துக்கு எங்கே போவீர்கள்?

ஓசூர் விங்கர்:
அண்ணே, கபடிக்குத் தனியாக ஒரு விவாதம் தொடங்குங்கள். சார், ஷூ கிழிந்தது 71-வது நிமிடத்துக்கு முன்பா பின்பா? அவன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

சின்னக் கல்லூரி பி.டி.:
நான் இந்த இரண்டு மாவட்டத்தில் ஒன்றில், ஒரு சுயநிதிக் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். பி.இ.டி. சார் எங்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார். வருத்தமாக இருக்கிறது.

எங்கள் நிலைமையைக் கேளுங்கள். ஆறு ஆட்டத்துக்கும் சேர்த்து நான் ஒருவன்தான். வருடத்துக்கு ஆறு பந்து கொடுப்பார்கள். மொரம்பு மைதானத்தில் இரண்டு மாதத்தில் தோல் உரிந்துவிடும். ஜூலையிலிருந்து நவம்பர் வரை பள்ளிப் போட்டிகள் நடக்கும் நேரத்தில்தான் எங்களுக்கும் போட்டி. குறுவட்டத்துக்கு வர வேண்டுமென்றால் கல்லூரியில் விடுப்பு போட்டுவிட்டு, சொந்தக் காசில் பஸ் ஏறி வர வேண்டும். கேரளாவிலிருந்து வரும் பையன் ஆடிய வீடியோவை அவனே போனில் அனுப்பிவிடுகிறான். உங்கள் பையன்கள் அனுப்புவதில்லை.

பென்னாகரம் பி.இ.டி.:
சார், வீடியோ எடுக்க யார் இருக்கிறார்கள்? விசில் ஊதுவதும் நான், கோடு போடுவதும் நான், அடிபட்டவனுக்கு ஐஸ் வைப்பதும் நான்.

மூச்சு பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். நவம்பரில் பள்ளிப் போட்டி முடிகிறது. அன்றோடு பிளஸ் டூ பையனின் விளையாட்டுப் பீரியட் கணக்குக்கும் வேதியியலுக்கும் போய்விடும். மார்ச்சில் பொதுத்தேர்வு. ஏப்ரல், மே மாதங்களில் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பையன் மாங்காய் மண்டியில் லோடு ஏற்றுகிறான், எங்கள் பக்கத்துப் பையன் பெங்களூருவில் கட்டட வேலைக்குப் போகிறான். ஜூனில் கல்லூரி. ஏழு மாதம் பந்தைத் தொடாதவனைக் கொண்டுபோய் முதல் வாரமே மைதானத்தைச் சுற்ற விடுகிறீர்கள். எட்டாவது சுற்றில் அவன் நின்றால், தர்மபுரிக்காரனுக்கு மூச்சு இல்லை என்று எழுதிவிடுகிறீர்கள். அதே பையனை நவம்பரிலேயே பார்த்து, "தம்பி, ஜூனில் நீ எங்கள் கல்லூரிக்கு வா, அதுவரை வாரம் மூன்று நாள் ஓடு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் ஓடியிருப்பான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆள் இல்லை. அதுதான் என் ஆதங்கம்.

அப்புறம், எங்கள் பையன்கள் செம்மண்ணில் ஆடியவர்கள். பந்து எப்படி எழும்பும் என்று அவர்களுக்கே தெரியாது. அதனால் மார்பாலும் தொடையாலும் பந்தை அடக்கும் பழக்கம் இயல்பாக வந்திருக்கும். புல் தரைக்குப் போனால் முதல் மூன்று வாரம் பாஸ் நீளமாகப் போகும், சறுக்கிப் பந்தைப் பறிக்கத் தெரியாது. எங்கள் தரையில் சறுக்கினால் முட்டித் தோல் போய்விடும், அதனால் கற்றுக்கொள்ளவில்லை. இதையெல்லாம் மூன்று வாரத்தில் சொல்லிக்கொடுக்கலாம்.

ஓசூர் விங்கர்:
ஏழு மாதம் ஆடாததால் மூச்சு குறைந்தது என்று நீங்களே ஒத்துக்கொண்டீர்கள். நான் சொன்னதும் அதுதான். 60 நிமிடம்.

பென்னாகரம் பி.இ.டி.:
நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. காரணத்தைச் சொன்னேன். 71-வது நிமிடம் ஷூதான் கிழிந்தது.

பாலக்கோடு வாசகன்:
ஒரு சந்தேகம். உள்ளூர்ப் பையன் என்று இங்கே யாரைச் சொல்கிறீர்கள்? ஓசூரில் கம்பெனி வேலைக்கு வந்த மலையாளிக் குடும்பத்தில் பிறந்து, இங்கேயே பன்னிரண்டு வருடம் படித்தவன் உள்ளூரா, வெளியூரா? முதலில் அதை முடிவு செய்துகொண்டு பேசினால் நல்லது.

டெக்சாஸில் ஒரு மொரப்பூர்க்காரன்:
இங்கே அமெரிக்காவில் வெள்ளிக்கிழமை இரவு பள்ளி ஃபுட்பால் என்றால் ஊரே கேலரியில் இருக்கும். சின்னக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் நூறு மைல் கார் ஓட்டி வந்து பார்க்கிறார்கள். இங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கொடுக்கவே கூடாது என்பது விதி. காசு கொடுக்க முடியாததால் பயிற்சியாளர் நேரில் வந்து பையனிடமும் அவன் அப்பா அம்மாவிடமும் பேசிச் சேர்க்கிறார். பள்ளி ஆட்டம் 48 நிமிடம், கல்லூரி ஆட்டம் 60 நிமிடம். பள்ளிப் பையன் 48-க்கு மேல் தாங்க மாட்டான் என்று இங்கே யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கபடிக்காரன் அரூர்:
அது கால்பந்தே இல்லையே. கையால் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், தலையில் ஹெல்மெட். அதில் நாலு விநாடி ஓடினால் அரை நிமிடம் நிற்கிறார்கள். அதற்கு எங்கள் கபடி எவ்வளவோ மேல். பாடிப் போகிறவன் 30 விநாடிக்குள் தொட்டுவிட்டுத் திரும்பியாக வேண்டும்.

டெக்சாஸில் ஒரு மொரப்பூர்க்காரன்:
ஆட்டத்தைப் பற்றி நான் பேசவில்லை. நேரில் போய்ப் பார்ப்பதைப் பற்றிப் பேசினேன். மொரப்பூர் பள்ளிக்குத் தர்மபுரியிலிருந்து ஒரு மணி நேர பஸ்தானே.

ஓசூர் விங்கர்:
நல்லது, அமெரிக்காவும் வந்துவிட்டது. அங்கே கேலரி, ஃப்ளட்லைட், தனி மருத்துவர் எல்லாம் இருக்கும். நம் கதைக்கு வாருங்கள். பெங்களூரு ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர். எங்கள் பக்கம் நன்றாக ஆடுகிறவன் எல்லாம் அங்கே கல்லூரிக்குப் போய்விடுகிறான். நானும் அப்படித்தான் போனேன். அங்கே முதல் மாதமே 90 நிமிடம் ஆட வைத்தார்கள், எனக்கே 65-வது நிமிடத்தில் கால் இழுத்தது. அதனால்தான் சொல்கிறேன்.

பென்னாகரம் பி.இ.டி.:
உங்களுக்குக் கால் இழுத்ததற்காக ஒரு மாவட்டத்தையே குறை சொல்வீர்களா? 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதிலிருந்து ஓசூர்க்காரர்களுக்குத் தர்மபுரி என்றால் இளக்காரம். பெங்களூருதான் ஊர், நாங்கள் காட்டுப்பக்கம். இந்த எண்ணம் உங்கள் ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

ஓசூர் விங்கர்:
மாவட்டத்தை நீங்கள்தான் இழுக்கிறீர்கள் சார். என் அம்மா ஊர் நல்லம்பள்ளி.

இடதுகால்:
நான் காவேரிப்பட்டணம். கல்லூரியில் மூன்று வருடம் பெண்கள் அணியில் ஆடினேன். இவ்வளவு நேரம் எல்லோரும் பையன், பையன் என்றே எழுதுகிறீர்கள். தேசிய சீனியர் பெண்கள் கால்பந்தில் தமிழ்நாடு 2018-லும் 2023-லும் பட்டம் வென்றது. கடலூரில் ஒரு சின்ன மைதானத்தில் ஆடிய பெண்கள் இந்திய அணிக்குப் போயிருக்கிறார்கள். நம் இரண்டு மாவட்டத்தில் பெண்கள் அணிக்கு 11 பேர் சேர்வதே பெரும்பாடு. 7 பேர் இருந்தால் ஆட்டத்தைத் தொடங்கலாம் என்ற விதியை நம்பியே நாங்கள் இரண்டு ஆட்டத்துக்குப் போனோம். 8 பேராக 90 நிமிடமும் ஓடினோம். யாரும் உட்காரவில்லை.

புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருவதால் இப்போது பெண்கள் கல்லூரிக்கு வருகிறார்கள். பள்ளியில் ஆடிய பெண்ணிடம் போய், "வாம்மா, உனக்கு அணியில் இடம் இருக்கிறது, ஆட்டம் முடிந்தால் வீடு வரை கொண்டுவந்து விடுகிறோம்" என்று அவள் அப்பாவிடம் சொல்ல ஒரு ஆள் வேண்டும். பி.டி. சார், உங்கள் கல்லூரியில் பெண்கள் அணி இருக்கிறதா?

சின்னக் கல்லூரி பி.டி.:
பையன்களுக்கே ஷூ வாங்க முடியவில்லை அம்மா. அந்த லெஃப்ட் பேக் எங்கள் கல்லூரி இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். என் பையன்களின் ஷூவை நான் ஆட்டத்துக்கு முன்பே பார்த்துவிடுவேன்.

பென்னாகரம் பி.இ.டி.:
ஷூதான் கிழிந்தது என்று ஒருவராவது ஒப்புக்கொண்டீர்கள். நன்றி.

சின்னக் கல்லூரி பி.டி.:
நான் ஒப்புக்கொள்ளவில்லை சார். நான் அந்த ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை.

பென்னாகரம் பி.இ.டி.:
சரி, பையனுக்கு இதில் என்ன கிடைக்கும் என்றாவது சொல்கிறேன். பல பெற்றோருக்குத் தெரியாது. சின்னக் கல்லூரி அணியில் ஆடினால்தான் பல்கலைக்கழக அணித் தேர்வில் கண்ணில் படலாம். நமக்கெல்லாம் சேலம் பெரியார் பல்கலைக்கழகம். அந்த அணியில் இடம் கிடைத்து, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடினால் படிவம் 3 சான்றிதழ். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, அதற்கு இந்தச் சான்றிதழ் உதவும். தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இல் வந்த பிறகு அரசுப் பள்ளிப் பையனுக்கும் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பஸ்ஸுக்கும் முட்டைக்கும் அது போதும். மலப்புரத்திலிருந்து வருகிறவனுக்கு அந்தப் பணம் வராது, ஹாஸ்டலும் சாப்பாடும் கல்லூரிதான் போட வேண்டும். உள்ளூர்ப் பையன் வீட்டிலிருந்தே வந்துவிடுவான். கணக்குப் போட்டாலும் எங்கள் பையன்தான் லாபம்.

இன்னொன்று. இப்போது ஐந்து பேரை மாற்றலாம் என்று 2022-இல் விதியிலேயே எழுதிவிட்டார்கள். 90 நிமிடமும் ஓட வேண்டியது ஆறு பேர்தான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் ஆடிய சைமன் சுந்தரராஜ் நம் தமிழர். அப்போது மாற்று ஆட்டக்காரரே கிடையாது. தமிழ்நாட்டுக்காரனுக்கு மூச்சு இல்லையென்றால் அவர் எப்படி ஆடினார்?

ஓசூர் விங்கர்:
அவர் பென்னாகரம் இல்லையே சார். ஐந்து பேரை மாற்ற உங்கள் கல்லூரிகளில் பெஞ்சில் ஐந்து பேர் இருக்கிறார்களா?

பாலக்கோடு வாசகன்:
உள்ளூர் என்றால் யார் என்று கேட்டிருந்தேன்.

இடதுகால்:
நானும் ஒன்று கேட்டிருந்தேன்.

கபடிக்காரன் அரூர்:
கபடியில் பெண்கள் அணிக்கு 7 பேர் போதும் தங்கச்சி. அரூருக்கு வா.

இடதுகால்:
எனக்குக் கால்பந்துதான் வேண்டும் அண்ணா. 17 வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பென்னாகரம் பி.இ.டி.:
ஓசூர்த் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன். கிழிந்த அந்த ஷூவை அவன் அம்மா இன்னும் வீட்டில் வைத்திருக்கிறார். படம் எடுத்து இங்கே போடுகிறேன்.

ஓசூர் விங்கர்:
போடுங்கள் சார். எந்த நிமிடத்தில் கிழிந்தது என்று படத்தில் தெரியாது.

பென்னாகரம் பி.இ.டி.:
அப்படியென்றால் வரும் ஞாயிறு காலை 6 மணிக்கு எங்கள் பள்ளி மைதானத்துக்கு வாருங்கள். பி.டி. சாரும் வரட்டும். 16 பையன்கள் இருக்கிறார்கள். 45, 45 என்று முழு ஆட்டம் ஆடிக் காட்டுகிறோம். நீங்களே வாட்ச் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர் விங்கர்:
காலை 6 மணிக்கு வெயில் ஏது? அன்று சேலத்தில் ஆட்டம் மதியம் 2 மணிக்கு. மதியம் 2 மணிக்கு வையுங்கள், வருகிறேன்.

பென்னாகரம் பி.இ.டி.:
2 மணிக்கே வைக்கிறேன். 71-வது நிமிடத்தில் என் லெஃப்ட் பேக் பக்கத்திலேயே வந்து நில்லுங்கள்.