எக்ஸ்பார்ட்டி டிகிரி, செட் அசைட் பெட்டிஷன் 3 தடவ தள்ளுபடி. நாலாவது போடலாமா? அவசரம்

டெல்டா_பையன்:
வணக்கம். அப்பா மேல புரோநோட்டு (கடன் பத்திரம்) கேஸ், எக்ஸ்பார்ட்டி ஆகி, அதாவது எங்க தரப்பு இல்லாம ஒருதலையா, டிகிரி (தீர்ப்பு) ஆயிடுச்சு, அத ரத்து பண்ணச் சொல்லி பெட்டிஷன் போட்டோம் தள்ளுபடி, மறுபடி போட்டோம் அதுவும் தள்ளுபடி, மூணாவது போன வருஷம் போச்சு. இப்ப வீட்ட ஏலம் விடப்போறதா நோட்டீஸ் வந்துருக்கு, 18ம் தேதி வாய்தா. நாலாவதா ஒண்ணு போட்டா ஏலம் நிக்குமா? எங்க வக்கீல் போட்டுப் பாப்போம்ங்கறார், இன்னொருத்தர் ஜட்ஜ் காஸ்ட் (செலவுத் தொகை) போட்டு விரட்டுவார்ங்கறார். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

மணி79:
டிகிரி தேதி என்ன, தொகை எவ்ளோ, முன்சீப்பா சப் கோர்ட்டா, ஒண்ணுமே சொல்லல. ஜோசியம் பாத்து சொல்றதா?

நிலா_எல்எல்பி:
சம்மன் அப்பா கைல குடுத்தாங்களா? அதான் முக்கியம். லிமிட்டேஷன் ஆக்ட் (காலக்கெடு சட்டம்) ஆர்ட்டிகிள் 123 படி, எக்ஸ்பார்ட்டி டிகிரிய ரத்து பண்ணக் கேக்கற சிபிசி (சிவில் நடைமுறைச் சட்டம்) ஆர்டர் 9 ரூல் 13 பெட்டிஷனுக்கு டிகிரி தேதில இருந்து 30 நாள். ஆனா சம்மன் முறையா சார்வு ஆகலன்னா (கைக்கு வந்து சேரலன்னா) டிகிரி பத்தி தெரிஞ்ச நாள்ல இருந்துதான் அந்த 30 நாள். தாமதத்த மன்னிக்கக் கேக்கற டிலே பெட்டிஷனே தேவைப்படாம போகலாம்.

டெல்டா_பையன்:
டிகிரி 24.2.2020. அசல் 4 லட்சம், இப்ப வட்டியோட சேத்து கேக்கறாங்க. சம்மன் வரலன்னுதான் அப்பா சொல்றார் மேடம்.

நிலா_எல்எல்பி:
அப்போ இதான் உங்க பாயிண்ட்!! சம்மன் குடுக்கப் போன கோர்ட் அமீனாவோட ரிப்போர்ட் காப்பி எடுங்க. கதவுல ஒட்டிட்டுப் போயிருந்தா யார் சாட்சின்னு பாருங்க.

வாய்தா_வரதன்:
நிலாம்மா, பாடப்புத்தகத்த கொஞ்சம் மூடி வைங்க. தம்பி, ஒரே கேள்வி. டிகிரிக்கு முன்னாடி அப்பா வக்காலத்துல (வக்கீல நியமிக்கற பத்திரம்) கையெழுத்து போட்டாரா இல்லையா? 15 வருஷமா இந்த மாதிரி கேள்விக்கு பதில் சொல்றேன், வர்ற நூத்துல தொண்ணூறு பேரு இத மறைப்பாங்க.

டெல்டா_பையன்:
போட்டார் சார். 2019ல ஒரு வக்கீல வச்சார். ஆனா அவர் பதிலுரை போடவே இல்ல, அதான் எக்ஸ்பார்ட்டி. நான் அப்ப திருப்பூர்ல வேலைல இருந்தேன், எனக்கு எதுவும் தெரியாது.

வாய்தா_வரதன்:
பாத்தீங்களா. வக்காலத்து போட்டுட்டு சம்மன் வரலன்னா யாரு நம்புவா. ரூல் 13லயே ரெண்டாவது பிரவைசோ (வரம்பு விதி) இருக்கு, கேஸ் தேதி தெரிஞ்சு ஆஜராக நேரமும் இருந்திருந்தா சம்மன் சார்வுல குறைங்கறத மட்டும் வச்சு டிகிரிய உடைக்க முடியாது. அடுத்தது, தள்ளுபடி தள்ளுபடின்னா என்ன அர்த்தம்? டீஃபால்ட்டுக்கு (யாரும் ஆஜராகாததுக்கு) தள்ளுபடியா, கண்டிஷன் கட்டாம தள்ளுபடியா, விசாரிச்சு தள்ளுபடியா? மூணுக்கும் மூணு வழி. இது தெரியாம எவனும் பதில் சொல்ல முடியாது, சொல்றவன் புளுகறான்.

கொரோனா_கணக்கு:
எல்லாரும் ஒண்ண மறந்துட்டீங்க. 24.2.2020 டிகிரின்னா 30 நாள் முடியறது மார்ச் கடைசில. சுப்ரீம் கோர்ட் 15.3.2020ல இருந்து 28.2.2022 வரைக்கும் லிமிட்டேஷன்ல கழிக்கச் சொல்லிருக்கு, அந்த இடைவெளில முடிஞ்சதுக்கெல்லாம் 1.3.2022ல இருந்து 90 நாள் டைம். 10.1.2022 ஆர்டர் அது. அப்போ மே 2022 கடைசி வரைக்கும் டிலேவே கிடையாது! முதல் பெட்டிஷன் எப்ப போட்டீங்க?

டெல்டா_பையன்:
நவம்பர் 2022. 950 நாள் சொச்சம் டிலேன்னு அஃபிடவிட்ல இருந்துச்சு.

கொரோனா_கணக்கு:
ஐயோ. 6 மாசம் கூட ஆகாத டிலேய 950ன்னு எழுதிக் குடுத்திருக்காங்க.

வாய்தா_வரதன்:
சரி, கணக்கு நல்லாத்தான் இருக்கு. அந்த பெட்டிஷன் என்ன ஆச்சுன்னு தம்பி இன்னும் சொல்லல பாருங்க.

டெல்டா_பையன்:
முதல்ல டிலேய மன்னிச்சு 5000 காஸ்ட் கட்டச் சொன்னாங்க. பணத்த வக்கீல்கிட்ட குடுத்தோம், அவர் கட்டல, அதனால தள்ளுபடி. ரெண்டாவது பெட்டிஷன், காஸ்ட் கட்ட டைம் நீட்டிக்கச் சொல்லி போட்டோம், அன்னைக்கு யாரும் ஆஜராகலன்னு தள்ளுபடி. மூணாவது வேற வக்கீல் வச்சு புதுசா டிலே பெட்டிஷன், அது ஜூன் 2024ல விசாரிச்சு தள்ளுபடி, ஏற்கனவே வாய்ப்பு குடுத்தாச்சுன்னு எழுதிருக்காங்க.

மணி79:
5000 ரூபாய்க்கு ஒரு வீடு. வக்கீல் பண்ண தப்புக்கு கட்சிக்காரன் தண்டனை அனுபவிக்கக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டே 1981ல ரஃபீக் கேஸ்ல சொல்லிருக்கு.

பார்_ரூம்_டீ:
எப்பவும் வக்கீல் மேலதானா? கட்சிக்காரர் ரெண்டு வருஷம் ஆபீஸ் பக்கமே வரமாட்டார், போன் எடுக்கமாட்டார், ஃபீஸ்ல பாதி பாக்கி. ஏலம் நோட்டீஸ் வந்ததும் ஓடி வந்து வக்கீல் ஏமாத்திட்டார்னு அஃபிடவிட். ரஃபீக்க எல்லாருக்கும் தூக்கிக் காட்ட முடியாது.

மணி79:
காஸ்ட் பணத்த வாங்கி பாக்கெட்ல போட்டவருக்குமா சப்போர்ட்? ரசீது குடுக்கற வக்கீல் ஒருத்தர காட்டுங்க, நான் இந்த இழைய விட்டே போயிடறேன்.

பார்_ரூம்_டீ:
நான் குடுக்கறேன். கெளம்புங்க.

நிலா_எல்எல்பி:
சண்டைய விடுங்க. அர்ஜுன் சிங் வெர்சஸ் மொஹிந்திர குமார், 1964, அதுல இடைக்கால உத்தரவுக்கு ரெஸ் ஜுடிகேட்டா (ஒருதடவ முடிவானத மறுபடி கேக்கக் கூடாதுங்கற தடை) இல்லன்னு வரும். அத வச்சு நாலாவது போடலாமே?

வாய்தா_வரதன்:
போடலாமே, 18ம் தேதி வீடு போகும். அந்த கேஸ், ரூல் 7 (கேஸ் நடக்கும்போதே எக்ஸ்பார்ட்டிய நீக்கக் கேக்கறது) உத்தரவு ரூல் 13 பெட்டிஷன தடுக்குமாங்கறது. அதுலயே ஒரே காரணத்த சொல்லி திரும்பத் திரும்ப பெட்டிஷன் போட்டா கோர்ட் மறுக்கலாம்னும் இருக்கு, அத படிக்கலையா? தம்பிக்கு இருக்கறது ஹைகோர்ட்ல சிஆர்பி (சிவில் சீராய்வு மனு), அரசியலமைப்பு 227ல. அங்க அந்த கொரோனா கணக்க சொல்லலாம், காஸ்ட் வக்கீல்கிட்ட குடுத்ததுக்கு ஆதாரம் வேணும். டைம் நீட்டிக்கறதுக்கு சிபிசி 148ல 30 நாள்தான், சேலம் பார் கேஸ் 2005க்கு அப்புறம் நியாயமான காரணம் இருந்தா அதுக்கு மேலயும் கோர்ட் குடுக்கலாம். இல்லன்னா சிபிசி 96(2)ல டிகிரி மேல நேரா அப்பீல், பானுகுமார் ஜெயின் கேஸ் 2005 அதுக்கு இடம் குடுக்குது, ஆனா எக்ஸ்பார்ட்டி ஆக்கினது தப்புன்னு பேச முடியாது, கேஸோட மெரிட்ஸ் (கடன் உண்மையா இல்லையாங்கற மாதிரி விஷயம்) மட்டும். பண டிகிரிங்கறதால அங்க ஸ்டே வேணும்னா தொகைய டெபாசிட் பண்ணச் சொல்வாங்க.

ஓய்வு_ஹெட்கிளார்க்:
எல்லாம் படிச்சேன். தம்பி, அப்பா என்ன வேலை பாக்கறார்? வீட்ட யாருக்காவது அடமானம் எழுதிக் குடுத்திருக்கா?

டெல்டா_பையன்:
அடமானம் இல்லங்க ஐயா, வெறும் நோட்டுதான். அப்பா விவசாயம், ஒன்றரை ஏக்கர் வயல் இருக்கு, வேற வருமானம் இல்ல. ஏன் கேக்கறீங்க?

ஓய்வு_ஹெட்கிளார்க்:
இத முதல் வரியில எழுதிருக்கணும்பா. சிபிசி 60(1)(சி), விவசாயி குடியிருக்கற சொந்த வீட்ட பண டிகிரிக்கு ஜப்தி பண்ணக் கூடாது. நான் ஆபீஸ்ல இருந்த காலத்துல இபி (டிகிரிய நிறைவேத்தற மனு) ஃபைல்ல இந்த ஒரு கவுண்டர (எதிர் மனு) வச்சு எத்தனையோ வீடு தப்பிச்சிருக்கு. டிகிரிய ரத்து பண்ணாமலே இத கேக்கலாம், இபிலயே செக்‌ஷன் 47ல ஒரு இஏ (இபிக்குள்ள போடற மனு) போடுங்க, ஏலத்துக்கு முன்னாடி. அடங்கல், சிட்டா, ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது வச்சுக்கங்க. வயலுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, அத அவங்க ஜப்தி பண்ணலாம், அதையும் மனசுல வச்சுக்கங்க.

வாய்தா_வரதன்:
நானும் இதத்தான் அடுத்து கேக்க இருந்தேன். முக்கிய வருமானம் விவசாயம்தான்னு நிரூபிக்கணும், எதிர் தரப்பு பையன் திருப்பூர்ல சம்பாதிக்கறான்னு சொல்வாங்க.

மணி79:
ஆமா ஆமா, அடுத்துதான் கேக்க இருந்தீங்க.

நிலா_எல்எல்பி:
தப்பித்தவறி ஏலம் நடந்துட்டாலும் ஆர்டர் 21 ரூல் 89 இருக்கு, 60 நாளுக்குள்ள டிகிரி தொகையும் ஏலத் தொகைல 5 சதவீதமும் கட்டினா ஏலம் ரத்து.

பார்_ரூம்_டீ:
அதுக்கு பணம் இருந்தா ஏலமே வந்திருக்காதே மேடம்.

டெல்டா_பையன்:
விஏஓகிட்ட அடங்கல் வாங்கியாச்சு. வேற வக்கீல் பாத்து 47 போட்டாச்சு, நேத்து கவுண்டருக்கு வாய்தா போட்டு ஏலத்த அதுவரைக்கும் நிறுத்தி வச்சிருக்காங்க. சிஆர்பிக்கும் காப்பி அப்ளிகேஷன் போட்டிருக்கோம். ரொம்ப நன்றி ஐயா. போன்ல சார்ஜ் இல்ல, அப்புறம் வரேன்.

மணி79:
முன்சீப்பா சப் கோர்ட்டான்னு இன்னும் சொல்லல.