பழைய தேக்கு மேஜை: லாக்கர் பூச்சை உரிச்சு வேற கலர் கொண்டு வர முடியுமா?

திருச்சிவாசி:
எல்லாருக்கும் வணக்கம். வீட்ல அப்பா வாங்குன தேக்கு சாப்பாட்டு மேஜை இருக்கு, மேல பளபளன்னு ஏதோ பூச்சு, இப்ப மஞ்சளாகி அங்கங்க வெடிச்சு, சூடா பாத்திரம் வெச்ச இடமெல்லாம் வெள்ளை வட்டம். மெஷின் போட்டு தேய்ச்சிருங்கன்னு சொல்றாங்க, மரம் வீணாயிடுமோன்னு பயமா இருக்கு. வால்நட் கலர்ல ஆக்கணும்னு ஆசை. எதுல ஆரம்பிக்கணும்?

பட்டறைப்பையன்:
மெஷினை இப்ப தொடாதீங்கண்ணே, முதல்ல அது என்ன பூச்சுன்னு பாருங்க. மேஜைக்கு அடியில பஞ்சுல பாலிஷ் ஸ்பிரிட் தொட்டு கொஞ்ச நேரம் அழுத்துங்க, பிசுபிசுன்னு ஒட்டுனா அரக்கு, அதான் பிரெஞ்ச் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாம என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னருக்கு இளகுனா என்சி லாக்கர். ரெண்டுக்கும் மசியலன்னா மெலமைனாவோ பியூவாவோ (பாலியூரித்தேன் பூச்சு) இருக்கும், அதுக்கு பெயின்ட் ரிமூவர் தான் வழி.

நெல்லை மீனா:
அரக்கா இருந்தா உரிக்கவே உரிக்காதீங்க. பழைய அரக்கு ஸ்பிரிட்லயே திரும்ப கரையும், மெல்லுசா புது அரக்கு ஏத்துனா பழசோட சேர்ந்துக்கும், வெடிப்பும் பாதி அடங்கிடும். எங்க வீட்டு அலமாரியை அப்படித்தான் காப்பாத்துனோம்.

திருச்சிவாசி:
பாத்துட்டேன், ஸ்பிரிட்டுக்கு ஒண்ணும் ஆகல, தின்னர் பட்டதும் பஞ்சுல ஒட்டிக்கிச்சு.

பட்டறைப்பையன்:
அப்ப என்சி லாக்கர், நல்லதாப் போச்சு. பழைய பனியன் துணியை தின்னர்ல நனைச்சு கொஞ்ச இடத்துல மட்டும் விரிச்சு, மேல பாலித்தீன் போட்டு மூடுங்க, இல்லன்னா ஆவியா பறந்துரும். இளகுனதும் மொக்கையான பட்டி பிளேடால மர ரேகை போற பக்கமாவே வழிச்சு எடுங்க. வேலை வெளியில, நிழல்ல தான், தின்னர் ஆவி காத்தை விட கனம், தரையோட படர்ந்து போய் பத்திக்கும், அதனால அடுப்பு, சாமி விளக்கு எதுவும் பக்கத்துல எரியக்கூடாது, கையுறை கண்டிப்பா போடுங்க. நனைஞ்ச துணியை சுருட்டி மூலையில போடாம வெளியில விரிச்சு காயப் போடுங்க.

நெல்லை மீனா:
உப்புத்தாள் போடுறதுக்கு முன்னாடி மேஜை ஓரத்தை கீழ இருந்து பாருங்க. மேல் ரேகை ஓரத்துலயும் தொடர்ந்து வந்தா முழு பலகை, வினீரா (மேல ஒட்டுன மரத் தகடு) இருந்தா ரொம்ப மெல்லுசு, கொஞ்சம் அழுத்தி தேய்ச்சா உள்ள இருக்குற ப்ளைவுட் தெரிஞ்சிரும், அப்புறம் எந்த கலரும் மறைக்காது.

திருச்சிவாசி:
முழு பலகை தான்க்கா. ஸ்டெய்ன், அதான் மரத்துக்கு ஏத்துற சாயம், திட்டு திட்டா வராம இருக்க என்ன பண்ணணும்?

பட்டறைப்பையன்:
உப்புத்தாள் 120 நம்பர், 180, கடைசியா 220, அதோட நிறுத்துங்க, அதுக்கு மேல மழமழன்னு ஆக்குனா மரம் கலரை குடிக்காது. ஒரு சொட்டு பழைய லாக்கர் மிச்சம் இருந்தாலும் அந்த இடம் வெளுப்பா நிக்கும், தின்னர்ல நனைச்சு துடைச்சா அப்படி இடம் தனியா மின்னும், கண்டுபிடிச்சிரலாம். தேக்குல எண்ணெய் இருக்குறதால அந்த துடைப்பு எப்படியும் வேணும். ஸ்டெய்னை துணியால தேச்சு மிச்சத்தை உடனே துடைச்சிருங்க, கலர் பத்தலன்னா காஞ்சப்புறம் இன்னொரு கை. முதல்ல அடிப்பக்கம் ஒரு திட்டு போட்டு பாருங்க, தேக்கே பழுப்பு தான, டப்பா மேல இருக்குற வால்நட்டை விட கருப்பா தான் வரும்.

நெல்லை மீனா:
மேல திரும்ப என்சியே அடிக்காதீங்க, சாப்பாட்டு மேஜைக்கு சூடு தாங்காது, பியூ அடிங்க. பழைய பூச்சு சுத்தமா போயிருக்கணும், ஸ்டெய்ன் நல்லா காஞ்சிருக்கணும், அந்த பியூக்கு ஏத்த சீலரா (அடிப்பூச்சு) கேட்டு வாங்குங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிச்சிருங்க தம்பி, ஈரக் காத்துல எந்த பாலிஷும் ஒழுங்கா நிக்காது.