ரிங் மாற்றியும் ஆயில் குடிக்கும் கார்: எங்கே பார்ப்பது?

நண்பர்களே, என் அப்பாவின் 1.2 லிட்டர் பெட்ரோல் கார் இது. 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆயில் குறைகிறது என்று மூன்று மாதம் முன்பு எஞ்சினைப் பிரித்துப் பிஸ்டன் ரிங், வால்வு சீல், ஹெட் கேஸ்கெட் மாற்றினோம். அதன்பின் 2,500 கிலோமீட்டர் ஓட்டியும், 1,000 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் ஆயில் போகிறது. கீழே ஒரு சொட்டுக் கசிவு இல்லை. கூலன்ட் குறையவில்லை. பி.சி.வி. வால்வும் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) புதிது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்து அடங்கிவிடுகிறது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு கியரிலேயே இறங்கி, அடிவாரத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்னால் வருபவர் மறையும் அளவுக்குப் புகை. மூன்றாவது சிலிண்டரின் பிளக் மட்டும் ஆயிலில் நனைந்திருக்கிறது. நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (உள்ளே உருவாகும் அழுத்தம்) 160 முதல் 170 பி.எஸ்.ஐ.

இறக்கத்தில் எஞ்சினின் உறிஞ்சல் ஆயிலை உள்ளே இழுக்கும்; அதன்பின் புகை என்பதால் வால்வு கைடு (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல்) தேய்ந்திருக்குமோ என்று நினைக்கிறேன். கைடு ஆடினால் புதுச் சீல் நிற்காது. ஆனால் கம்ப்ரஷன் சரியாக இருந்தும் ஆயில் ரிங் (சிலிண்டர் சுவரிலிருந்து ஆயிலை வழிக்கும் பிஸ்டன் ரிங்) மட்டும் கெட்டிருக்கலாமே? சிலிண்டரின் உட்சுவரை ஹோனிங் செய்யாமல் (புது ரிங் படியும்படி லேசாகத் தேய்க்காமல்) ரிங் போட்டார்கள் என்று இப்போதுதான் தெரிந்தது. அதுதான் உறுத்துகிறது.

ஹெட்டை மட்டும் கழற்றி கைடைப் பார்க்கலாமா, மொத்தமாகப் பிரிக்க வேண்டுமா? இதே சிக்கலைத் தீர்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். இன்னொரு முறை வீண்செலவு செய்ய வழியில்லை.