புதுப்பிப்பு: அண்ணாவின் கடைத் தளத்தை ஸ்கேன் செய்தாயிற்று

வெள்ளவத்தையில் அண்ணாவின் புடவைக்கடை இணையத்தளத்தை பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஸாப் (ZAP) என்ற மென்பொருள் கொண்டு ஸ்கேன் செய்யலாமா என்று போன கிழமை கேட்டிருந்தேன். முதலில் எழுத்தில் அனுமதி வாங்கச் சொன்னீர்கள். அண்ணாவிடமும் ஹோஸ்டிங்காரரிடமும் வாங்கிவிட்டேன். அனுமதியில்லாமல் செய்தால் சிக்கல்; இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறதே.

சரி, நடந்தது இதுதான். ஆக்டிவ் ஸ்கேனை, அதாவது தாக்குவதுபோல் தளத்துக்கு எதையெதையோ அனுப்பிப் பார்க்கும் சோதனையை, வாடிக்கையாளர்கள் பார்க்கும் நேரடித் தளத்திலேயே ஓட்டியது என் மடத்தனம். தொடர்புப் படிவத்தை அது விடாமல் நிரப்பி அனுப்ப, அண்ணாவின் இன்பாக்ஸில் 300க்கும் மேல் மின்னஞ்சல். "என்னடா, ஒரே நாளில் இவ்வளவு ஓடரா?" என்றார்.

அப்புறம் நகல் தளத்தில் ஓட்டினேன். சிவப்புக் கொடியோடு வந்த எஸ்கியூஎல் இன்ஜெக்ஷன் (படிவம் வழியாக டேட்டாபேஸுக்குள் கட்டளை நுழைக்கும் தாக்குதல்) எச்சரிக்கையைக் கையால் சோதித்தால், பொய். உண்மையான ஓட்டையை நிக்டோ (Nikto) என்ற இன்னொரு ஸ்கேனர்தான் காட்டியது: யாரும் இறக்கிக்கொள்ளக்கூடிய ஒரு பேக்கப் ஸிப். உள்ளே டேட்டாபேஸ் பாஸ்வேர்ட்! அழித்து, பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டோம்.