3018 இயந்திரத்தில் அலுமினியம்: நான்கு எண்ட் மில் உடைந்துவிட்டது, எங்கே தவறு?

கேள்வி (மொட்டைமாடி வானியல்):
என்னிடம் இருப்பது 3018 என்ற சிறிய மேசை CNC இயந்திரம் (கணினி சொல்கிற பாதையில் வெட்டுவது). மரத்திலும் அக்ரிலிக்கிலும் மூன்று மாதம் ஓட்டிப் பழகிவிட்டேன். தொலைநோக்கியின் ஃபோகஸரை (காட்சியைத் தெளிவாக்கும் பகுதி) மோட்டாரால் திருப்ப 6 மி.மீ. அலுமினியத் தகட்டில் ஒரு பிடிமானம் வெட்ட வேண்டும். 3 மி.மீ. எண்ட் மில் (சுழன்று வெட்டும் முனை), நான்கு பல். ஸ்பிண்டில் (முனையைச் சுழற்றும் பகுதி) நிமிடத்துக்கு 10,000 சுற்று, ஃபீட் (முனை நகரும் வேகம்) நிமிடத்துக்கு 100 மி.மீ., ஒரு நடைக்கு ஆழம் 0.5 மி.மீ. இரண்டு உடைந்ததும் பயந்துபோய் ஃபீடை 60 ஆக்கினேன். அடுத்த இரண்டும் அதைவிடச் சீக்கிரம் போயின! உடைந்த முனையில் ஈயம் பூசியதுபோல் அலுமினியம் அப்பியிருக்கிறது.

பதில் (கணபதி பட்டறை, கோவை):
தம்பி, பயந்ததுதான் தவறு. 100ஐ 10,000ஆல் வகுத்து, மறுபடி நான்கால் வகுத்துப் பாருங்கள். ஒரு பல்லுக்கு 0.0025 மி.மீ. அந்த அளவில் பல் வெட்டாது, தேய்க்கும். தேய்ந்தால் சூடு, சூட்டில் அலுமினியம் பல்லிடுக்கில் ஒட்டும், இடுக்கு அடைத்துக்கொண்டால் உங்கள் கையில் இருப்பது வெறும் கம்பி.

ஒற்றைப் பல் எண்ட் மில் வாங்குங்கள். ஃபீட் 300 வையுங்கள், பல்லுக்கு 0.03 கிடைக்கும். ஆழத்தை மட்டும் 0.15க்கு இறக்குங்கள், அந்தச் சின்ன இயந்திரத்தின் சட்டகம் அதற்குமேல் தாங்காது. 40 நடை ஆகும், ஆகட்டும். செங்குத்தாகக் குத்தி இறக்காமல் சரிவாக இறக்குங்கள். தகடு எந்த ரகம்?

கேள்வி கேட்டவர்:
பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கினேன் ஐயா. ரகம் தெரியாது.

பதில் (கணபதி பட்டறை, கோவை):
நினைத்தேன். பாத்திரத் தகடு போன்ற மெத்தென்ற அலுமினியம் மிட்டாய்போல இழுபடும். கடையில் 6061 என்ற அலுமினியக் கலவை ரகத்தைக் கேட்டு ஒரு துண்டு வாங்குங்கள்.

பதில் (அரைகுறை மெக்கானிக்):
ஒரு சேர்க்கை. பட்டறையில் செய்வதுபோல் மண்ணெண்ணெய் தெளித்துவிடாதீர்கள். ஸ்பிண்டிலைச் சுழற்றும் 775 மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் பொறி தட்டிக்கொண்டே இருக்கும். வெட்டெண்ணெயைத் தூரிகையால் ஒரு தொடு தொட்டால் போதும். இயந்திரத்தை நகர்த்தும் திருகில் ஆட்டம் இருந்தால் கிளைம்ப் மில்லிங் (பல் சுழலும் திசையிலேயே தகடு நகரும்படி வெட்டுவது) வேண்டாம், பல்லே தகட்டை இழுத்துக்கொள்ளும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் பக்கத்தில் நிற்காதீர்கள்.

கேள்வி கேட்டவர் (எட்டு நாள் கழித்து):
வெட்டிவிட்டேன்! முக்கால் மணி நேரம், ஒரே எண்ட் மில், இன்னும் உயிரோடு இருக்கிறது. முன்பு கீச்சென்று அலறிய சத்தம் இப்போது சீரான உறுமலாக இருக்கிறது. சாம்பல் பொடி போய், பளபளவென்று செதில் விழுகிறது. ஒரு துளை மட்டும் 0.2 மி.மீ. சிறியதாக வந்தது. அரத்தால் ராவிச் சரிசெய்தேன், கணபதி ஐயா மன்னிக்க வேண்டும்.

செதில் சமையலறை வரை பறந்து அம்மாவின் காலில் குத்திவிட்டது. இயந்திரம் இன்று மாலை மாடி அறைக்குப் போகிறது.