பெருங்காமநல்லூருக்கு பிரிட்டன் பதில் சொல்லணும்னு எம்.பி.கிட்ட எப்படி மனு குடுக்குறது?

உசிலைக்காரன்:
வணக்கம் உறவுகளே. ஏப்ரல் 3 அன்னைக்கு நம்ம உசிலம்பட்டி பக்கம் இருக்க பெருங்காமநல்லூர் நினைவுத்தூணுக்கு போயிட்டு வந்தேன், அதுலேர்ந்து மனசு ஒரு நிலையில இல்ல. 1920ல குற்றப் பரம்பரைச் சட்டத்துக்காக கைரேகை வைக்க மாட்டோம்னு நின்ன நம்ம கள்ளர் சனத்தை வெள்ளைக்கார அரசாங்கத்துப் போலீசு சுட்டு 16 பேரை கொன்னாங்க, அதுல மாயக்காளும் ஒருத்தி, அடிபட்டுக் கிடந்தவகளுக்கு தண்ணி குடுக்கப் போனவன்னு ஊர்ல சொல்லுவாக. ஜாலியன்வாலா பாக் நடந்து ஒரு வருசம்கூட ஆகல அப்ப. அதுக்காவது 2019ல அப்ப பிரிட்டன் பிரதமரா இருந்த தெரசா மே லண்டன் பார்லிமெண்ட்ல நின்னு வெட்கக்கேடான தழும்புன்னு சொன்னாங்க, மன்னிப்புங்கற வார்த்தை அப்பவும் வரல. நம்ம ஊர் பேரை அங்க யாரு எடுத்துச் சொல்றது? மனு எழுதலாம்னு இருக்கேன், எம்.பி.க்கா எம்.எல்.ஏ.வுக்கா, என்னன்னு கேக்கணும், வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வைகைக்கரை:
தம்பி, ரெண்டு பேருக்கும் குடுங்க. உசிலம்பட்டி தேனி எம்.பி. தொகுதில வருது, மதுரை எம்.பி. ஆபீசுக்கு அலையாதீங்க. வெளிநாட்டு விவகாரம் டெல்லி கையில இருக்கதால எம்.பி. மக்களவையில அவசர விசயம் பேசுற ஜீரோ அவர்லயோ, தொகுதி விசயத்தை எழுப்புற 377 விதியிலயோ எழுப்பலாம், இல்லன்னா வெள்ளிக்கிழமைல தனிநபர் தீர்மானம் கொண்டுவரலாம். ஆனா எனக்கு எம்.எல்.ஏ. வழிதான் முக்கியமாப் படுது. 2019 பிப்ரவரில பஞ்சாப் சட்டசபை, ஜாலியன்வாலா பாக்குக்கு பிரிட்டன்கிட்ட மன்னிப்பு கேட்டு வாங்கணும்னு மத்திய அரசை வலியுறுத்தி தீர்மானம் போட்டாங்க, எல்லாக் கட்சியும் சேந்து. அதையே நம்ம சட்டசபையும் செய்யலாமே.

இன்னொண்ணு, ஆவணத்தை விட்டுறாதீங்க. கென்யாவுல பிரிட்டன் ஆட்சியை எதுத்து நடந்த மாவ் மாவ் போராட்டத்துல சித்திரவதை பட்டவங்க லண்டன்ல கேஸ் போட்டாங்க, கேஸ் நடக்கயிலதான் அத்தனை வருசமா ஒளிச்சு வச்சிருந்த ஃபைல் 2011ல வெளிய வந்துச்சு, 2013ல பிரிட்டன் வெளியுறவு மந்திரி பார்லிமெண்ட்ல வருத்தம் தெரிவிச்சு 5,228 பேருக்கு பணமும் குடுக்க ஒத்துக்கிட்டாரு. அங்க சாட்சி சொல்ல ஆளு உயிரோட இருந்தாங்க, நமக்கு காகிதம்தான் சாட்சி. அதனால அன்னைக்கு யாரு உத்தரவு போட்டா, என்ன ரிப்போர்ட் போச்சு, எல்லாத்தையும் வெளியிடச் சொல்லி மனுவுலயே கேளுங்க.

அப்பத்தா பேத்தி:
அண்ணே, துப்பாக்கிச் சூட்டுக்கு மட்டும் கேக்காதீங்க, அந்தக் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கும் சேத்து கேளுங்க. எங்க அப்பத்தாவுக்கு 90 வயசு தாண்டிருச்சு, அது சின்னப்புள்ளையா இருக்கயில பொழுது சாஞ்சா அவுக அப்பா ஸ்டேசன்ல போய் படுக்கணுமாம், காய்ச்சலா இருந்தாலும் போகணும், பக்கத்து ஊர்ல எழவுன்னாலும் ராதாரிச் சீட்டு, அதான் வெளியூர் போக அனுமதிச் சீட்டு, வாங்காம நகர முடியாதாம், அவரு பேர்ல ஒரு கேசும் கெடயாது அந்த சாதில பொறந்தாரு அவ்வளவுதான். 1871ல வடக்க போட்ட சட்டத்தை 1911ல மெட்ராஸ் மாகாணத்துக்கும் கொண்டாந்து நம்ம சனம், குறவர், மறவர்னு எத்தனை பேரை பொறக்கும்போதே திருடன்னு எழுதி வச்சாங்க. 16 பேரு ஒரு நாள்ல செத்தாங்க, மத்தவக முப்பது வருசத்துக்கு மேல தெனம் ராத்திரி அனுபவிச்சிருக்காக. அதை தப்புன்னு அந்த நாடு எழுத்துல சொல்லணும்.

பேரையூர் வாத்தியார்:
கேக்குறது நியாயம்தான், நானும் கையெழுத்து போடுறேன். ஆனா ஒரு வருத்தம் இருக்கு. மெட்ராஸ்ல 1947ல எடுத்த சட்டத்தை நாடு முழுக்க எடுக்க 1952 ஆகஸ்ட் 31 வரைக்கும் ஆச்சு, எடுத்த கையோட வழக்கமான குற்றவாளின்னு வேற பேர்ல சட்டம் வந்துச்சு. அன்னைக்கு சுட்ட போலீசும் நம்மாளுகதானப்பா. லண்டனைக் கேக்குற அதே தீர்மானத்துல, நாங்களும் இந்த சனத்துக்கு செஞ்சது தப்புன்னு நம்ம சட்டசபை ஒரு வரி சேக்கணும். இல்லன்னா பாதிக் கதைதான் பதிவாகும்.

உசிலைக்காரன்:
அய்யா நீங்க சொன்னது சரி, அந்த வரியை சேத்துர்றேன். இந்தச் சட்டத்தை எதுத்து நம்ம சனத்துக்காக வாதாடுன ஜார்ஜ் ஜோசப், அதான் நம்ம ரோசாப்பூ துரை, அவரைப் பத்தியும் ஒரு பாரா எழுதியிருக்கேன். மனுவை ரெண்டு பக்கத்துக்குள்ள முடிச்சு ஊர் ஊரா கையெழுத்து வாங்கப் போறோம். தங்கச்சி, அப்பத்தாகிட்ட ஒரு கைநாட்டு வாங்கித் தர முடியுமா?

அப்பத்தா பேத்தி:
கேட்டேண்ணே. ரேகை மட்டும் வைக்க மாட்டேன்னு சொல்லிருச்சு. பேரை எழுதப் பழகிட்டு இருக்கு, நாலு எழுத்துதான், ஒரு வாரம் டைம் குடுங்க.